விட்ட நாட்களை அடைக்க வேண்டாம்: வேத வாசிப்பைப் பழக்கமாக்குவது பற்றி

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தொடங்குகிறீர்கள். ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணை கையில் இருக்கிறது. பிப்ரவரி பிறப்பதற்குள் லேவியராகமத்தில் எங்கோ நின்றுவிடுகிறது. கைக்குழந்தை, வேலை, அரைகுறைத் தூக்கம். மூன்று நாள் விட்டுப்போனால் பாக்கி சேருகிறது; பாக்கியைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்கவே கூசுகிறது; பிறகு அடுத்த ஜனவரிதான். “ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை அதிகாரம் வாசிக்க வேண்டும்? எந்த அட்டவணை நல்லது? போனில் கேட்டால் அது வாசித்ததாகுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இது அட்டவணை பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, இவ்வளவு கொஞ்சமாக வாசித்தாலும் ஆண்டவர் முன்னால் அது வாசிப்புதானா, விட்டுப்போன நாட்களை என்ன செய்வது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த இரண்டுக்கும் தெளிவு கிடைத்துவிட்டால் அட்டவணை பெரிய விஷயமே இல்லை.

நான் இறையியல் படித்தவன். அதன்பிறகு பல ஆண்டுகளாகச் சபைகளில் வேதபாட வகுப்பு எடுத்துவருகிறேன். முதல் தடவையாக வேதத்தைத் திறப்பவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், பல தடவை முழுவதும் முடித்தவர்கள் எல்லோரோடும் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். இங்கே சொல்வதில் சிலவற்றை நீங்களே வேதாகமத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். சில என் அனுபவம் மட்டுமே. எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானதிலிருந்து தொடங்குகிறேன். விசுவாசி ஒருவர் நாளுக்கு இத்தனை அதிகாரம் வாசிக்க வேண்டும் என்ற கட்டளை வேதத்தில் எங்கும் இல்லை. யோசுவா 1:8, முதலாம் சங்கீதம் இரண்டும் இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கச் சொல்கின்றன, அளவு சொல்லவில்லை. உபாகமம் 31இல் மோசே கொடுக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்: ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கூடாரப்பண்டிகையில் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், அந்நியர் எல்லோரும் கேட்க நியாயப்பிரமாணத்தை வாசிக்க வேண்டும். நெகேமியா 8இல் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசிக்கிறார், ஜனங்கள் நின்று கேட்கிறார்கள், லேவியர் அர்த்தம் விளங்கச் செய்கிறார்கள். கொலோசெயர் 4:16இல் பவுல் தன் கடிதத்தைச் சபையில் வாசித்த பிறகு அடுத்த ஊர்ச் சபைக்கும் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு பிரதிகூட இருந்திருக்காது. 1450களில் ஐரோப்பாவில் அச்சு வந்து, அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் ஒரு சாதாரணக் குடும்பம் முழு வேதாகமத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. தனியாக உட்கார்ந்து தினமும் வாசிப்பது அருமையான பழக்கம். நான் அதை விரும்பித்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஆனால் “இன்றைக்கு மூன்று அதிகாரம் முடிக்கவில்லை, பாவம் செய்துவிட்டேன்” என்று நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்துக்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 சொல்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், நல்ல முன்மாதிரி. அங்கேயும் அவர்கள் புகழப்படுவது பவுல் சொன்னது சரிதானா என்று தேடிப் பார்த்ததற்காக. அளவுக்காக அல்ல.

சரி, ஏன் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கிறது? இதைக் கணக்காகவே பார்க்கலாம். நீங்கள் வைத்திருக்கும் 66 புத்தக வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள்: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. (கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள், அங்கே எண்ணிக்கை இன்னும் கூடும்.) 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். இந்த வேகத்தில் முதல் பக்கத்திலிருந்து நேராகப் போனால் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் வரும். செங்கடல், மன்னா, சீனாய் மலை எல்லாம் முடிந்து, ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுவி, திரைச்சீலை அளவுகள் தொடங்கும் இடம் அது. 35ஆம் அதிகாரத்திலிருந்து அதே அளவுகள் இன்னொரு தடவை வரும். மாதக் கடைசியில் லேவியராகமம், பலிகளின் முறைமைகள். புது வருட உற்சாகம் வடியும் அதே வாரத்தில், பின்னணி தெரியாதவருக்கு மிகக் கடினமான பகுதி வந்து நிற்கிறது. நிற்பது உங்கள் பக்தியின் குறை என்று நான் நினைக்கவில்லை. அந்த வரிசையில் போகும் யாருக்கும் அங்கேதான் கால் தடுக்கும். என் வகுப்புகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்.

இனி பாக்கிக் கணக்கு. முழு வேதாகமத்தையும் சத்தமாக வாசித்த ஒலிப்பதிவுகள் பொதுவாக 70 மணி நேரத்தைத் தாண்டும். வாசிப்பவரின் வேகத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். ஓர் அதிகாரத்துக்குச் சராசரியாக நான்கு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகப் போகும் நாளில் 12, 13 நிமிட வேலைதான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் விட்டுப்போனால், ஐந்தாம் நாள் உங்களுக்காகக் காத்திருப்பது 16 அதிகாரம், ஒரு மணி நேரத்துக்கு மேல். நான்கு நாளாகத் தூங்காத ஒரு தாய்க்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? எனவே ஐந்தாம் நாளும் போகிறது, ஆறாம் நாள் பாக்கி இன்னும் பெரிதாகிறது. பழக்கத்தைக் கொல்வது விட்ட அந்த நான்கு நாள் அல்ல. அதைத் திருப்பி அடைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் கொல்கிறது. இந்த முழுப் பதிலிலும் ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: விட்ட நாளை அடைக்காதீர்கள். எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயிருந்து அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். புத்தகத்தில் இருக்கும் நாடா எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் இன்றைய இடம். தேதி போட்ட அட்டவணை இதற்கு ஒத்துவராது. தேதி இல்லாமல் பகுதிகளை மட்டும் வரிசைப்படுத்திய அட்டவணை போதும், அல்லது அட்டவணையே வேண்டாம். வாசித்த அதிகாரத்தின் தலைப்பில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். விட்ட நாளுக்கு எங்கும் அடையாளம் வைக்காதீர்கள்.

ஓராண்டு அட்டவணைகளில் மிகவும் பேர்பெற்ற ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் 1842இல் தன் சபைக்காகத் தயாரித்தது. நாளுக்கு நான்கு அதிகாரம் வீதம் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை முடியும். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதை உங்களிடம் குறிப்பிடுவதற்குக் காரணம் அவர் எழுதிய முன்னுரை. தன் திட்டத்தில் இருக்கும் ஆபத்துகளை அவரே அங்கே பட்டியலிடுகிறார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடிவிடலாம், சிலருக்கு அது சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். திட்டத்தைத் தீட்டியவருக்கே அந்தக் கவலை இருந்தது. உங்களுக்கு நேர்ந்திருப்பது அந்தக் கடைசி ஆபத்துதான்.

எவ்வளவு வாசிப்பது என்பதற்கு வருகிறேன். அதிகாரம் என்ற அளவே நம் வசதிக்காக வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்று பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் 1551இல் சேர்த்தார். நீளமும் ஒன்றுபோல் இல்லை: 117ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனம், 119ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம். இரண்டும் “ஓர் அதிகாரம்” தான். உங்கள் நிலைமையில் ஒரு நாளின் அளவு ஒரு சம்பவமாக இருக்கட்டும். ஓர் அற்புதம், ஓர் உவமை, ஒரு வாக்குவாதம், ஒரு பயணம். சுவிசேஷங்களில் இது பெரும்பாலும் ஐந்து வசனத்திலிருந்து பதினைந்து வசனத்துக்குள் முடிந்துவிடும். நிறைய வேதாகமங்களில் சிறு தலைப்பு போட்டே பிரித்திருப்பார்கள். அளவைத் தீர்மானிக்கும்போது நல்ல நாளை நினைத்துத் தீர்மானிக்காதீர்கள். மிக மோசமான நாளில் எது முடியுமோ அதுதான் உங்கள் அளவு. நேரம் கிடைக்கும் நாளில் கூடுதலாக வாசியுங்கள், தடையே இல்லை. ஆனால் அந்தக் கூடுதலை நாளைய கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

எப்போது என்பதில் ஒன்றை நம்பிச் சொல்லலாம்: “நேரம் கிடைக்கும்போது” என்று வைத்தால் நேரம் கிடைக்காது. தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தின் வாலில் இதைக் கட்டிவிடுங்கள். பல் துலக்கியதும், குழந்தை முதல் தூக்கத்துக்குப் போனதும், வேலைக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்ததும் என்று எதுவாகவும் இருக்கலாம். பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதே முறையைத்தான் பின்பற்றியது. 96 பேர், தினமும் ஒரு குறிப்பிட்ட தருணத்துக்குப் பிறகு ஒரு சிறு செயலைச் செய்து வந்தார்கள். அது தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அவர்கள் பார்த்தது சாப்பிடுவது, குடிப்பது, உடற்பயிற்சி போன்ற எளிய செயல்களை. வேதம் வாசிப்பதற்கு மனமும் வேண்டும், அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த நான் துணியமாட்டேன். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சுற்றுகிற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் கஷ்டமாகவே இருந்தால் நீங்கள் தோற்கவில்லை, இன்னும் காலம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

காலையா இரவா என்பதில் நல்ல விசுவாசிகளே கட்சி பிரிந்து நிற்பார்கள். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரத்துக்குப் போய் ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது. 63ஆம் சங்கீதக்காரன் படுக்கையில், இராச்சாமங்களில் தேவனைத் தியானிக்கிறான். இரண்டுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. காலையில் வாசித்தால் அந்த வசனம் நாள் முழுவதும் கூடவே வரும் என்பது பலருடைய அனுபவம், என்னுடையதும்தான். ஆனாலும் இரவில் மூன்று தடவை எழுந்திருக்கும் ஒருவரை அதிகாலை நாலரைக்கு எழுந்திருங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

எங்கே தொடங்குவது? மாற்கு சுவிசேஷத்தில். இது என் தீர்ப்பு, வேறு நல்ல ஆசிரியர்கள் யோவான் என்று சொல்வார்கள், அதுவும் தவறில்லை. மாற்கு நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம்தான். வம்ச வரலாறோ நீண்ட முன்னுரையோ இல்லாமல் நேராக யோவான் ஸ்நானனிடம் போய்விடும். முதல் அதிகாரத்துக்குள்ளேயே ஞானஸ்நானம், சீஷர்களின் அழைப்பு, பேதுருவின் மாமியாரின் ஜுரம், குஷ்டரோகி என்று எல்லாம் வந்துவிடும். அடுத்து ரூத், நான்கே அதிகாரம். அடுத்து பிலிப்பியர், அதுவும் நான்கு. பிறகு ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்திலிருந்து யோசேப்பின் கதை முடியும்வரை. பிறகு லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும் சேர்த்து. இரண்டையும் ஒருவரே தெயோப்பிலு என்பவருக்கு எழுதியிருக்கிறார், தொடர்ச்சியாக வாசித்தால்தான் அதன் அழகு தெரியும். ஒரு நீண்ட கதை, ஒரு சிறு நிருபம் என்று மாறி மாறிப் போவதை என் வகுப்புகளில் வழக்கமாக வைத்திருக்கிறேன். முடித்தோம் என்ற சந்தோஷம் அடிக்கடி கிடைக்கும். கொஞ்சம் வேகம் பிடித்த பிறகு நாளுக்கு ஓர் அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று மாற்றிக்கொள்ளலாம். புதிய ஏற்பாட்டின் 260 அதிகாரமும் 52 வாரத்தில் சரியாக முடியும், வாரத்தில் இரண்டு நாள் உங்களுக்கு விடுப்பும் இருக்கும். முழு வேதாகமத்துக்கும் இதே வேகம் என்றால் நாலரை ஆண்டு. அது நீண்ட காலமாகத் தோன்றலாம். ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் தொடங்கி பிப்ரவரிக்குள் நிறுத்துகிறவருக்குப் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியா ஒருபோதும் வராது என்பதை யோசித்துப் பாருங்கள்.

வாசித்ததை எப்படி உள்ளே வாங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் “வாசித்து முடித்ததும் ஒன்றும் நினைவில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் அதிகம் வலித்தது. ஒரு சம்பவத்தை எடுத்துக் காட்டுகிறேன். மாற்கு 4:35–41, புயலை அமர்த்தியது. ஏழே வசனம். முதல் தடவை சாதாரணமாக வாசியுங்கள். இரண்டாவது தடவை, யார் யார் இருக்கிறார்கள், என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். 36ஆம் வசனத்தில் வேறே படவுகளும் கூட இருந்தன என்று வருகிறது. அந்தப் படவுகளில் இருந்தவர்களும் அதே புயலில்தான் இருந்தார்கள், அவர்களும் பிழைத்திருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கதை பிறகு ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. 38ஆம் வசனத்தில் இயேசு படவின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மத்தேயுவும் லூக்காவும் இதே புயலைச் சொல்கிறார்கள், அவர் தூங்கியதையும் சொல்கிறார்கள், தலையணையைச் சொல்வது மாற்கு மட்டும். பகல் முழுவதும் ஜனங்களுக்குப் போதித்துக் களைத்த ஒருவர், அலை உள்ளே விழுவதுகூடத் தெரியாத தூக்கம். சீஷர்கள் அவரை எழுப்பிக் கேட்பது “எங்களைக் காப்பாற்றும்” என்றுகூட இல்லை. நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். இவ்வளவு கடினமான கேள்வியை அவரிடம் நேராகக் கேட்டிருக்கிறார்கள், அதை மாற்கு மறைக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார். அவர் முதலில் காற்றை அதட்டுகிறார், பிறகுதான் அவர்களிடம் பேசுகிறார். இந்த வரிசையைக் கவனித்துவிட்டாலே அன்றைய வாசிப்பு நிறைந்துவிடும். ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள், “அவரிடம் கோபமாகக்கூடக் கேட்கலாம் போலிருக்கிறது” என்கிற மாதிரி. அதையே ஜெபமாகச் சொல்லி முடியுங்கள். ஐந்து நிமிடம் போதும். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், தேவனில் அமைந்திருத்தல் என்று நான்கு படிகளாக எழுதி வைத்ததும் ஏறக்குறைய இதே பாதைதான்.

அந்த ஐந்து நிமிடம்கூட இல்லாத நாளும் வரும். அன்றைக்கு ஒரு சிறு சங்கீதம். 13, 121, 130, 131, 133 எல்லாம் பத்து வசனத்துக்குள் முடிபவை. 131 மூன்றே வசனம். பால் மறந்த குழந்தை தாயின் மேல் சாய்ந்திருப்பதைப் போல என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது என்று அதில் வருகிறது. இப்போதைய உங்கள் நாட்களில் அதை என்னைவிட நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். ஒரு சங்கீதத்தையே ஒரு வாரம் முழுவதும் வாசித்தாலும் பரவாயில்லை. அதுவும் வாசிப்புதான், முழு வாசிப்புதான்.

லேவியராகமத்தை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்னால் சுவிசேஷங்களை வாசித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். லூக்கா 2:24இல் மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுபோகும்போது ஒரு ஜோடி காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு என்ற பிரமாணத்தின்படி பலி செலுத்துகிறார்கள். அந்தப் பிரமாணம் லேவியராகமம் 12இல் இருக்கிறது: பிரசவித்தவள் ஓர் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும், ஆட்டுக்கு வசதியில்லாவிட்டால் இரண்டு புறா. இயேசு பிறந்த வீடு எவ்வளவு ஏழை வீடு என்று லூக்கா நேரடியாகச் சொல்லவில்லை. லேவியராகமம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வசனத்தில் தெரிந்துவிடும். முதல் தடவை 16, 19, 25 ஆகிய மூன்று அதிகாரங்களை மட்டும் வாசியுங்கள். 16 பாவநிவிர்த்தி நாள். 25 யூபிலி ஆண்டு, அதாவது அடிமையானவர்களும் விற்ற நிலமும் விடுதலையாகும் ஐம்பதாம் வருஷம். 19இல் கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே, குருடனுக்கு முன்னால் தடுக்கல் வைக்காதே, வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவை என்றெல்லாம் வரும். பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லி இயேசு மேற்கோள் காட்டிய வாக்கியமும் அங்கேதான் இருக்கிறது. அதன்பிறகு முழுப் புத்தகத்தையும் வாசிக்க உங்களுக்கே ஆசை வரும்.

போனில் கேட்பது வாசிப்பாகுமா? ஆகும், தயக்கமில்லாமல் சொல்கிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 1:3 வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்தே பாக்கியவான்கள் என்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கலாம். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் யோனாவைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், நான்கு இரவில் முடியும். அன்றைய உங்கள் வாசிப்பும் அதுவே. வீட்டில் உட்காரும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளிடம் இவைகளைப் பேசு என்று உபாகமம் 6 சொல்வது இதைத்தான். போனில் எழுத்தாக வாசிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இடையில் ஒரு செய்தி வந்து கண் அங்கே போய்விட்டால் திரும்ப வருவது கடினம். வேறு வழியில்லை என்றால் அறிவிப்புகளை அணைத்துவிட்டு வாசியுங்கள்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதும் இதில் சேரும். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது 1871இல் நிறைவடைந்த, ஹென்றி பவர் என்பவரின் மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதன் நடைக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது, மனப்பாடத்துக்கு அதற்கு இணையில்லை. ஆனால் எரேமியாவையோ ரோமரையோ முதல் தடவை வாசிக்கும்போது வாக்கியம் புரியாமலே பக்கம் புரண்டுவிடும். கதை ஓட்டமாக வாசிப்பதற்கு எளிய தமிழில் வந்துள்ள ஒரு பதிப்பையோ 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பையோ வைத்துக்கொள்ளுங்கள். சங்கீதத்துக்குப் பழையது. புரிகிற தமிழில் வாசிப்பது பக்திக் குறைவு என்று யாராவது சொன்னால், நெகேமியா 8:8ஐ அவர்களுக்குக் காட்டுங்கள்.

புரியாத இடங்களும், மனம் ஒப்பாத இடங்களும் கட்டாயம் வரும். நியாயாதிபதிகள் 19, யோசுவாவில் பட்டணங்கள் அழிவது, 137ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். இவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். நூற்றாண்டுகளாக விசுவாசிகள் போராடுகிற இடங்கள் அவை. பவுலின் நிருபங்களில் சில காரியங்கள் அறிவதற்கு அரிதானவை என்று 2 பேதுரு 3:16 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. கேள்வியை நோட்டில் எழுதிவிட்டு மேலே போங்கள். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு, வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்டபோது, ஒருவர் சொல்லித் தராமல் எப்படி விளங்கும் என்றார் அவர். வாரத்துக்கு ஒருமுறை பேச ஒரு தோழி கிடைத்தால் போதும். தனியாக வாசிப்பவர்களைவிட இப்படி இரண்டு பேராக வாசிப்பவர்கள் நீடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இது என் கண்ணில் பட்டது மட்டும்தான், இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த ஆலோசனைக்கு ஓர் எல்லையும் உண்டு. நான் சொன்னதெல்லாம் பழக்கத்தைப் பற்றியது. நீங்கள் எழுதியதில் குற்ற உணர்வு வேதம் வாசிப்பதோடு நிற்கிறதா, நாள் முழுவதும் எதைச் செய்தாலும் தொடர்கிறதா என்பது ஒரு கேள்வியிலிருந்து எனக்குத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறகு மனம் பாரமாகவே இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, எவ்வளவு ஜெபித்தாலும் மன்னிப்புக் கிடைக்கவில்லை என்று உறுத்திக்கொண்டே இருப்பது போன்றவை இருந்தால் அதற்கு அட்டவணை மருந்தல்ல. தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒரு போதகரிடமும் பேசுங்கள். அந்த நாட்களில் நீங்கள் வாசிக்க முடியாவிட்டால், வேறு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு வாசிக்கட்டும்.

மாற்கின் கடைசி அதிகாரத்துக்கு வரும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். பல பதிப்புகளில் 16:9–20 அடைப்புக்குறிக்குள் இருக்கும், அல்லது கீழே ஒரு குறிப்பு இருக்கும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது என்பதால்தான் அந்தக் குறிப்பு. ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்று அங்கே நின்றுவிட வேண்டாம். உயிர்த்தெழுதலின் செய்தி 6ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. 8ஆம் வசனம் வரை ஒரு நாள், மீதியை அடுத்த நாள் வாசியுங்கள். அங்கே வந்ததும் கேள்வி எழுந்தால் இதன் கீழேயே எழுதுங்கள், அந்தப் பிரதிகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்.